பரிசுப் பொதியில் பொருள் குறைந்தால் காசு யாருடையது?

நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு என்று நல்ல நாட்கள் நெருங்கும்போது அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில் பக்கமாகச் செல்லும் கூரியர் வாகனங்களில் பெட்டிகள் நிரம்பிவிடுகின்றன. இவற்றுள் ஒரு பகுதி பரிசுப் பெட்டிகள். மகன் கட்டாரில் வேலை செய்கின்றார். தாய் திருக்கோவிலில் இருக்கின்றார். மகன் இணையத்தில் ஒரு கடையைத் தேடி, கேக், சொக்லேட், பூங்கொத்து, சேலை என்று தெரிவு செய்து, கடனட்டையில் காசைக் கட்டி, தாயின் விலாசத்தைக் கொடுத்துவிடுகின்றார். கொழும்பிலுள்ள கடை பொதி கட்டி அனுப்புகின்றது. சில வேளைகளில் கொழும்புக் கடை கேக்கை மட்டும் நமது ஊர் பேக்கரி ஒன்றிடம் சொல்லிச் செய்விக்கின்றது.

பெட்டி வீட்டுக்கு வந்து திறக்கப்படும்போது ஐந்து சாமான் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தால் என்ன செய்வது? யார் கேட்பது? யாரிடம் கேட்பது? எவ்வளவு காசைத் திருப்பிக் கேட்கலாம்? பார்வைக்கு இது சிறிய விடயம். ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் நமது வியாபாரிகள் பலர் இன்று பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் ஓடர் எடுத்து அயலூர்களுக்கு அனுப்புகின்றனர். நாம் வாங்குபவராகவும் இருக்கின்றோம், விற்பவராகவும் இருக்கின்றோம். ஆகவே இந்தக் கேள்விக்கான பதிலை இரண்டு பக்கமிருந்தும் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

மூன்று மூலை வியாபாரம்

சாதாரண வியாபாரத்தில் காசு கொடுப்பவரும் பொருளைக் கையில் வாங்குபவரும் ஒருவரே. கடையில் நின்று எண்ணிப் பார்த்து எடுத்துச் செல்வார். குறைந்தால் அந்த இடத்திலேயே கேட்பார். பரிசு ஓடரில் அப்படியில்லை. காசு கொடுத்தவருக்குப் பொருள் தெரியாது. பொருள் பெற்றவருக்குப் பட்டியல் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் விற்பனையாளர் ஒருவர் மட்டுமே.

இதனோடு நமது பண்பாடும் சேர்ந்துகொள்கின்றது. பரிசு பெற்ற தாய் மகனிடம், “தம்பி, நீ என்னென்ன அனுப்பினாய்?” என்று கேட்கக் கூச்சப்படுவார். கேட்டால் குறை சொல்வதாக நினைத்துவிடுவானோ என்று பேசாமல் இருந்துவிடுவார். மகனும், “சாமான் வந்துசேர்ந்ததா?” என்று கேட்பாரே தவிர, ஒவ்வொன்றாகப் பட்டியல் வாசித்துக் கேட்க மாட்டார். வந்துவிட்டது என்று தாய் சொன்னதும் விடயம் முடிந்துவிடும். குறைந்த சொக்லேட் பெட்டியின் விலை கடையிலேயே தங்கிவிடும்.

மறதியால் குறைந்திருக்கலாம், கையிருப்பு முடிந்ததால் குறைந்திருக்கலாம், வழியில் களவு போயிருக்கலாம். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றுதான். கொடுக்கப்படாத பொருளுக்கு எடுக்கப்பட்ட காசு விற்பனையாளரின் பெட்டியில் கிடக்கின்றது. கேட்பதற்கு ஆள் இல்லை என்பதனால் அது அவருடையதாகிவிடுமா? ஆகாது என்பதே சட்டத்தின் பதிலும் மார்க்கத்தின் பதிலும்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கின்றது?

நமது நாட்டில் பொருள் விற்பனைக்கான அடிப்படைச் சட்டம் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமாகும். இங்கிலாந்தின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி இது ஆக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்த இந்தச் சட்டத்தில் நமது கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. பேசிய அளவிலும் குறைவாக விற்பனையாளர் பொருளைக் கொடுத்தால், வாங்குபவர் முழுவதையும் வேண்டாம் என்று மறுத்துவிடலாம். அல்லது வந்ததை ஏற்றுக்கொண்டு, வந்ததற்கு மட்டும் பேசிய விலைப்படி காசு கொடுக்கலாம். இந்த இரண்டில் எதைத் தெரிவு செய்வது என்பது வாங்குபவரின் விருப்பம். முன்கூட்டியே முழுக் காசும் கட்டப்பட்டிருந்தால், வராத பங்குக்கான காசு திரும்பி வரவேண்டும் என்பதே இதன் பொருள்.

அடுத்தது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். 1979 ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்தையும் 1987 ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு இச்சட்டம் கொண்டுவரப்பட்டது. விலைக்குக் கிடைக்கும் பொருளை அல்லது சேவையை உண்மையாகப் பாவிப்பவரும், பாவிக்கக் கூடியவரும் பாவனையாளர் என்றே இச்சட்டம் பொருள்கோடல் செய்கின்றது. காசு கொடுத்தவர் மட்டும்தான் பாவனையாளர் என்று அது சொல்லவில்லை. ஆகவே மகன் டோஹாவில் இருந்தாலும், திருக்கோவிலில் பெட்டியைத் திறந்த தாயும் பாவனையாளரே. “நீங்கள் காசு கட்டவில்லையே, உங்களுக்கு என்ன கதை?” என்று கடைக்காரர் கேட்க முடியாது.

விற்பனையாளர் வெளிப்படையாக அல்லது மறைமுகமாகக் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் இணங்கவில்லை என்றால் அதிகார சபையிடம் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். விளம்பரப் பக்கத்தில் ஐந்து சாமான்களின் படமும் பெயரும் போட்டு விலை சொல்லியிருந்தால், அதுவே விற்பனையாளரின் வாக்கு. விசாரணையின் பின்னர் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பெற்ற காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையையும் பொய்யான விபரிப்பையும் இதே சட்டம் தடை செய்கின்றது.

ஒரு நிபந்தனையை மட்டும் மறக்கக் கூடாது. விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். நாள் கணக்கு பெட்டி திறந்த நாளிலிருந்து அல்ல, விற்பனையிலிருந்தே தொடங்குகின்றது. பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பே ஓடர் செய்து வைத்தவர்கள் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும். அதிகார சபையின் 1977 என்ற துரித இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மாவட்டங்களிலும் அதற்கு அலுவலகங்கள் உண்டு. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

“எல்லாம் போனில் பேசியது, கையெழுத்து வைத்த பத்திரம் ஒன்றுமில்லையே” என்று சிலர் தயங்குகின்றனர். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அந்தத் தயக்கத்தைப் போக்கிவிட்டது. இலத்திரனியல் வடிவில் இருக்கின்றது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. மின்னஞ்சலில் வந்த ஓடர் உறுதிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், வங்கியின் குறுஞ்செய்தி ஆகியவை எல்லாம் சான்றுகளே. அவற்றை அழித்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் நான்கு பதில்கள்

குறைந்த பொருளைப் பற்றிக் கேட்கும்போது வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் நான்கு. அவை எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம்.

முதலாவது, “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது” என்ற வாசகம். கடைச் சுவரில் இருந்த இந்த அறிவித்தல் இப்போது இணையப் பக்கத்தின் அடியிலும் வந்துவிட்டது. மனம் மாறி ஒருவர் பொருளைத் திருப்பிக் கொண்டு வந்தால் இந்த வாசகத்தைக் காட்டலாம். பெட்டியில் வைக்கப்படாத பொருளைப் பற்றிப் பேசும்போது இதற்கு இடமேயில்லை. கொடுக்காத பொருளை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இங்கே கேட்கப்படுவது கொடுக்கப்படாததன் விலை மட்டுமே.

இரண்டாவது, “கூரியரில் சரியாகத்தான் கொடுத்தோம், அவர்களிடம் கேளுங்கள்” என்ற பதில். கொழும்பிலிருந்து திருக்கோவிலுக்கு 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். இடையில் பெட்டி பல கை மாறுகின்றது என்பது உண்மையே. பொருளைக் கொண்டு செல்பவரிடம் ஒப்படைப்பதே வாங்குபவரிடம் ஒப்படைப்பதற்குச் சமம் என்ற பொது விதியும் 1896 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கின்றது. ஆனால் அது வேறு உடன்பாடு இல்லாதபோது மட்டும் செல்லும் விதியாகும். வீட்டு வாசலில் சேர்த்துத் தருவோம் என்று வாக்களித்து, அதற்குத் தனியாகக் கட்டணமும் வாங்கிய கடை இந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது கடினம். கூரியரை அமர்த்தியது கடை. கூரியருக்குக் காசு கொடுப்பதும் கடை. ஆகவே வாடிக்கையாளருக்குக் கடை பதில் சொல்லட்டும், கடைக்குக் கூரியர் பதில் சொல்லட்டும். அதுவே ஒழுங்கு.

மூன்றாவது, “வீட்டில் கையெழுத்து வைத்து வாங்கியிருக்கிறார்கள்” என்ற பதில். அந்தக் கையெழுத்து பெட்டி வந்தது என்பதற்கான கையெழுத்து. ஒட்டி மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கின்றது என்று வாசலில் நின்று யாருக்கும் தெரியாது. பரிசோதித்துப் பார்க்க நியாயமான சந்தர்ப்பம் கிடைக்கும்வரை வாங்குபவர் பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட மாட்டார் என்பது பொருள் விற்பனைச் சட்டத்தின் கொள்கை.

நான்காவது, “அந்தச் சாமான் முடிந்துவிட்டது, அதற்குப் பதிலாக வேறொன்று வைத்தோம்” என்ற பதில். வாடிக்கையாளரைக் கேட்காமல் பதில் பொருள் வைப்பது பேசிய பொருளைக் கொடுக்காததற்குச் சமம். கேட்டு, அவர் சம்மதித்து, அந்தச் சம்மதம் எழுத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. விலை குறைந்த பொருளை வைத்திருந்தால் வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு திருப்பிக் கொடுப்பது?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 12,500 ரூபா பரிசுப் பொதி ஒன்று. அதில் கேக் 4,000, சொக்லேட் 3,500, பேரீச்சம்பழப் பெட்டி 2,000, பூங்கொத்து 1,500, கொண்டு சேர்க்கும் கட்டணம் 1,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சொக்லேட் வரவில்லை என்றால் 3,500 ரூபா திரும்ப வேண்டும். இதில் சிக்கல் ஒன்றுமில்லை. மறுநாளே சொக்லேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவா அல்லது காசைத் திருப்பவா என்று காசு கட்டியவரிடமே கேட்டுவிடலாம். மீண்டும் அனுப்புவதாயின் அந்தக் கூலி கடையுடையது.

வராதது கேக் என்றால்? அன்று பிறந்தநாள் என்றால்? கேக்தான் அந்தப் பொதியின் உயிர். மற்றவை அதனோடு வந்த துணைகள். பிறந்தநாள் முடிந்து இரண்டாம் நாள் வரும் கேக்கினால் பயனில்லை. இப்படியான சந்தர்ப்பத்தில் முழுவதையும் மறுத்து, கட்டணம் உட்பட 12,500 ரூபாவையும் கேட்கும் நியாயம் வாங்குபவருக்கு இருக்கின்றது. அப்படிக் கேட்பவர் மற்றச் சாமான்களைப் பாவிக்காமல் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். சொக்லேட்டைச் சாப்பிட்டுவிட்டு முழுக் காசும் வேண்டும் என்பது நியாயமல்ல.

தொகுப்பாக ஒரே விலை போட்டு விற்கும்போது ஒவ்வொரு சாமானின் விலையும் தெரியாமல் தகராறு வருவதுண்டு. கடையில் அந்தச் சாமானைத் தனியாக விற்கும் விலையை வைத்துப் பங்கு பிரிப்பது இரு தரப்புக்கும் பொருத்தமான முறை. உதாரணமாகத் தனித்தனியாக 10,000 ரூபா பெறும் சாமான்களைத் தொகுப்பாக 9,000 ரூபாவுக்கு விற்றிருந்தால், 2,000 ரூபாச் சாமான் குறையும்போது திருப்ப வேண்டியது 1,800 ரூபா.

இன்னொரு விடயம் நாணயம். வெளிநாட்டில் உள்ளவர் டொலரில் அல்லது பவுணில் கட்டியிருப்பார். 2022 மார்ச் மாதம் ரூபாவின் பெறுமதி மிதக்கவிடப்பட்டபோது ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து மே மாதமளவில் சுமார் 360 ரூபா வரை போனதை எவரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் தொடக்கத்தில் 20 டொலர் கட்டிய ஒருவருக்கு மே மாதத்தில் 4,000 ரூபாவைத் திருப்பினால் அவர் கையில் கிடைப்பது 11 டொலர் சொச்சம். ஆகவே கட்டிய நாணயத்தில், கட்டிய வழியிலேயே திருப்புவதுதான் நேர்மை. கடனட்டையில் வந்த காசு அதே அட்டைக்குப் போகட்டும். “அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்கிறோம்” என்ற வவுச்சர் வாடிக்கையாளர் விரும்பினால் மட்டும் கொடுக்கக் கூடியது.

கடல் கடந்து இருப்பவரின் கையிலுள்ள வழி

காசு கட்டியவர் விசா அல்லது மாஸ்டர்கார்ட் அட்டையில் கட்டியிருந்தால், முதலில் கடையிடம் கேட்டு, பதில் கிடைக்காதபோது தனது வங்கியில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். பொருள் வரவில்லை, குறைவாக வந்தது, விபரித்தபடி இல்லை என்பவையெல்லாம் அட்டை நிறுவனங்களின் விதிகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்கள். குறைந்த பங்குக்கு மட்டும் கேட்கவும் முடியும். பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு என்றாலும் வங்கிக்கு வங்கி நடைமுறை மாறுவதால் தாமதிக்காமல் அறிவிப்பது நல்லது. இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்படி வங்கி மூலம் காசு பிடுங்கப்படும்போது கடைக்கு வங்கிக் கட்டணமும் சேர்ந்து விழுகின்றது. ஆட்சேபனைகள் கூடினால் அட்டையில் காசு பெறும் வசதியையே வங்கி நிறுத்திவிடலாம். 3,500 ரூபாவைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த வசதியை இழப்பது எந்தக் கணக்கில் இலாபம்?

இங்கிலாந்தில் உள்ள கடையிலிருந்து அங்குள்ள உறவினர் வாங்கினால் அவருக்கு 2015 ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைகள் சட்டம் துணையிருக்கின்றது. பொருள் வாங்கியவரின் கையில், அல்லது பெற்றுக்கொள்வதற்காக அவர் பெயர் குறித்த ஆளின் கையில் போய்ச் சேரும்வரை பொறுப்பு கடையுடையது என்று அச்சட்டம் சொல்கின்றது. பரிசு பெறுபவரை மனதில் வைத்து எழுதியது போல இருக்கின்றது. அளவு குறைந்தால் மறுக்கலாம் என்ற 1893 ஆம் ஆண்டின் விதி அங்கேயும் இந்தப் புதிய சட்டத்தில் தொடர்கின்றது. இது தவிர, தனியொரு பொருளின் விலை 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை இருந்து கடனட்டையில் கட்டியிருந்தால், 1974 ஆம் ஆண்டின் பாவனையாளர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி அட்டை கொடுத்த வங்கியும் கடையோடு சேர்ந்து பொறுப்பாளியாகின்றது. வெளிநாட்டுக் கடைகளில் வாங்கியவற்றுக்கும் இது செல்லும் என்று 2007 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இந்தியாவிலும் 2020 ஆம் ஆண்டு இணைய வணிக விதிகள் வந்துள்ளன. பொருள் குறைபாடுடையதாக இருந்தாலோ, விளம்பரம் செய்தபடி இல்லாவிட்டாலோ திருப்பி எடுக்கவும் காசைத் திருப்பவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. முறைப்பாட்டை 48 மணித்தியாலத்துக்குள் பெற்றதாக அறிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக நாள் குறித்து எழுதிய விதி சிறிய கடைக்கும் நல்ல முன்மாதிரி. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பெட்டியைப் பெறுபவர் செய்ய வேண்டியவை

முதலில், பெட்டியைத் திறக்கும் முன் நான்கு பக்கமும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய நாடா கிழிந்திருந்தால் அதனையும் எடுங்கள். திறந்த பிறகு உள்ளே இருப்பவற்றை ஒன்றாக வைத்து இன்னொரு படம். பெட்டியையும் கூரியர் சீட்டையும் உடனே எறிந்துவிட வேண்டாம். சீட்டில் எழுதிய நிறை பின்னால் உதவும்.

அடுத்தது, கூச்சத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அனுப்பியவருக்கு அந்தப் படத்தை அன்றே அனுப்புங்கள். “இவை கிடைத்தன” என்று சொன்னால் போதும். குறை சொன்னதாக ஆகாது. பட்டியல் அவரிடம் இருப்பதால் குறைந்தது எது என்று அவரே கண்டுபிடிப்பார்.

பிறகு கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஓடர் இலக்கம், வந்த திகதி, குறைந்த பொருள், என்ன வேண்டும் என்பதை நான்கு வரியில் எழுதினால் போதும். திட்டி எழுதுவதால் காரியம் ஆகாது. நியாயமான நாட்களுக்குள் பதில் இல்லை என்றால் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். கடையும் நமது பகுதியிலேயே இருந்தால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையும் ஒரு வழி. சட்டத்தரணி வைத்துச் செலவு செய்யாமல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

விற்பவர் செய்ய வேண்டியவை

நமது பகுதி வியாபாரிகளுக்கே இனி வருவது. ஒரு பொருள் குறைந்ததாகப் பொய்யாகச் சொல்பவர்களும் உலகில் உண்டு. அதற்குப் பயந்து எல்லா வாடிக்கையாளரையும் சந்தேகிப்பதிலும், பொய் நிற்க முடியாதவாறு வேலையை ஒழுங்காகச் செய்வது மேல்.

பொதி கட்டுமுன் சாமான்களைப் பரப்பி ஒரு படம் எடுத்து, அதனைக் காசு கட்டியவருக்கு அனுப்பிவிடுங்கள். குறைந்தால் அவர் பெட்டி மூடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். மூடிய பெட்டியை நிறுத்து, நிறையைச் சீட்டில் எழுதுங்கள். திருக்கோவிலில் இறங்கும்போது நிறை குறைந்திருந்தால் வழியில் போனது என்று தெரிந்துவிடும். நிறை சரியாக இருந்தால் யார் சொல்வது உண்மை என்பதும் தெரிந்துவிடும். ஒரு தராசுக்கு இருக்கும் சாட்சி வலிமை பத்து வாக்குவாதத்துக்கு இல்லை.

பெட்டிக்குள் விலை போடாத பட்டியல் ஒன்றைத் தமிழில் வையுங்கள். பரிசு என்பதனால் விலை தெரிய வேண்டியதில்லை. என்னென்ன இருக்கின்றன, எத்தனை, குறைந்தால் அழைக்க வேண்டிய இலக்கம் என்ன என்பது தெரிந்தால் போதும். பெறுபவருக்குப் பட்டியல் தெரியாது என்று மேலே சொன்னோம் அல்லவா, அந்தக் குறை இந்த ஒரு தாளினால் தீர்ந்துவிடும். காசு கட்டியவருக்கு விலையோடு கூடிய பற்றுச்சீட்டைத் தனியாக அனுப்புங்கள்.

கொழும்புக் கடைக்காகக் கேக் செய்து கொடுக்கும் பேக்கரிக்காரர்கள், ஓடர் கிடைத்த நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குறை வரும்போது பழி கடைசிக் கையில்தான் விழும். கூரியரோடும், குறைந்தால் யார் எவ்வளவு ஏற்பது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கொடுத்த காசுக்கென ஒரு கொப்பி வையுங்கள். திகதி, ஓடர், குறைந்த பொருள், திருப்பிய தொகை, காரணம். மாத முடிவில் பார்த்தால் எந்தச் சாமான் அடிக்கடி குறைகின்றது, எந்தப் பாதையில் போகின்றது என்று கொப்பியே சொல்லிவிடும்.

கேட்க ஆளில்லாத காசு

நிறுவையிலும் அளவையிலும் மோசம் செய்பவர்களைக் கண்டித்து ஒரு தனி அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு. 83 ஆவது அத்தியாயமான அல்முதப்பிபீன் அது. தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றியே அது பேசுகின்றது. முன்கூட்டியே முழுக் காசையும் எடுத்துக்கொண்டு, பெட்டியில் ஒன்றைக் குறைத்து அனுப்புவது இதற்குள் வராமல் எதற்குள் வரும்?

தலைப்பில் கேட்ட கேள்விக்கும் மார்க்கச் சட்டத்தில் பதில் இருக்கின்றது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அன்பளிப்பு, பெறுபவரின் கைக்குப் போன பின்பே முழுமை பெறுகின்றது. கைக்குப் போகாத பொருள் இன்னும் அன்பளிப்பாகவில்லை. ஆகவே குறைந்த பொருளின் காசு அனுப்பியவருடையது. முறைப்பாடு செய்யும் உரிமை தாய்க்கும் உண்டு. காசு திரும்ப வேண்டியது மகனுக்கு. கடைக்காரருக்கு அதில் பங்கில்லை. அது அவரிடம் இருக்கும்வரை அமானிதம்.

திருக்கோவிலும் தம்பிலுவிலும் தமிழ்ச் சகோதரர்களின் ஊர்கள். அவர்களில் பலர் துணிமணிக்கும் பலசரக்குக்கும் அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் வருபவர்கள். கஷ்ட காலங்கள் பலவற்றைத் தாண்டி இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றிருக்கின்றது. முன்பு அந்த வாடிக்கையாளர் கடைக்கு வந்து முதலாளியின் முகத்தைப் பார்த்து வாங்கினார். இன்று அவர் பார்ப்பது ஓர் ஒட்டிய பெட்டியை. முதலாளியின் முகம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றது.

வாடிக்கையாளர் கேட்ட பிறகு திருப்பிக் கொடுப்பது சட்டம். கொப்பியைப் பார்த்து, குறைந்தது என்று தெரிந்ததும், அவர் கேட்கும் முன்பே அழைத்துக் கொடுப்பது வியாபாரம். அப்படி ஒரு முறை காசு திரும்பிப் போன வீட்டிலிருந்து அடுத்த பெருநாளுக்கும் அடுத்த பொங்கலுக்கும் ஓடர் வரும். அதனைவிட மலிவான விளம்பரம் எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காது.